யாழ்ப்பாணத்தில எங்க குளிர்? காலைக் கேளுங்கோ

"யாழ்ப்பாணத்தில எங்கயப்பா குளிர்?" வேலைச் சப்பாத்தைப் பற்றி நாங்கள் கதைக்கத் தொடங்கினால் முதலில வாற கேள்வி இதுதான். கேட்கிற ஆக்கள் பெரும்பாலும் மின்விசிறிக்குக் கீழே இருந்துதான் கேட்கினம். விடியப்புறம் குருநகர் இறங்குதுறைக்கோ மயிலிட்டித் துறைமுகத்துக்கோ போய்ப் பார்த்தால் இந்தக் கேள்வி வராது. ஐஸ் கட்டியை உடைச்சுப் பெட்டிக்குள்ள கொட்டுற ஆள், கூலர் லொறிக்குள்ள ஏறி இறங்குற ஆள், மீன் கழுவின தண்ணிக்குள்ள மணிக்கணக்காய் நிக்கிற பெண்கள் என்று எல்லாற்ற காலிலயும் கிடக்கிறது பாட்டாச் செருப்பு. சிலருக்கு அதுவும் இல்லை.

ஐஸ் ஆலைக்குள்ள நிலைமை இன்னும் மோசம். கட்டி ஐஸ் எப்படிச் செய்யினம் தெரியுமோ? தகர அச்சுகளில் நல்ல தண்ணியை நிரப்பி, உப்புத் தண்ணித் தொட்டிக்குள்ள இறக்குவினம். உப்பு கலந்திருக்கிறதால அந்தத் தண்ணி பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை அளவுக்குப் போனாலும் உறையாது. அதுதான் நிலத்தில சிந்துது. அதுக்குள்ளதான் கால் நிக்குது. வெளியில வெயில் எரியிறதால அந்தக் காலுக்கு என்ன லாபம்?

வேலைச் சப்பாத்து குளிரை எவ்வளவு மறிக்கும் என்று பார்க்க உலகத்தில ஒரு சோதனை இருக்கு. ஐஎஸ்ஓ 20345 என்ற தரத்தில் 'சிஐ' என்ற அடையாளம் அதற்குரியது. சப்பாத்துக்குள் சின்னச் சின்ன உருக்குக் குண்டுகளைக் கொட்டி, −17 பாகைக் குளிர்ப்பெட்டிக்குள் 30 நிமிடம் வைப்பார்கள். உள்ளங்கால் படும் இடத்தில் வெப்பநிலை 10 பாகைக்கு மேல் குறையாவிட்டால் தேர்ச்சி. இதுவும் கட்டாயமில்லை, மேலதிகமாகச் செய்யிற சோதனைதான். ஆகவே கடையில 'சேஃப்டி சூ' என்று விக்கிற எல்லாம் குளிரை மறிக்கும் என்று நம்பாதேங்கோ. உருக்கு முனை வைச்ச சப்பாத்து விரலில பாரம் விழுந்தால் காப்பாத்தும். குளிர் வேற விசயம்.

அந்தச் சோதனையிலயும் எங்களுக்குக் குறை இருக்கு. அது அடிப்பாகத்தைத்தான் அளக்குது. முதலில விறைக்கிற விரலை அளக்கேல்ல. சப்பாத்து காய்ஞ்சிருக்கு. உருக்குக் குண்டுக்கு வேர்க்காது. எங்கட ஆக்களின்ர கால் ஈரத்தில நிக்குது, அதுவும் அரை மணித்தியாலம் இல்லை, விடியவிடிய. வெப்பத்தைக் கடத்துற திறன் காற்றைவிடத் தண்ணிக்கு 20 மடங்குக்கும் மேல். உறைபனியே இல்லாமல், ஈரமும் குளிரும் சேர்ந்தே காலின் நரம்பையும் தசையையும் பழுதாக்கும். முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றுக்குள் நின்ற படையினரின் கால்கள் அப்படித்தான் போயின.

"கம்பூட்ஸ் குடுத்தாலும் போடமாட்டினம்" என்பது முதலாளிமாரின்ர பதில். ஏன் போடமாட்டினம் என்று கேட்டீங்களோ? மெல்லிய றப்பர் தண்ணியை மறிக்கும், குளிரை மறிக்காது. உள்ளுக்குள்ள வேர்த்து அதுவே ஈரமாகும். ஐஸ் அறையால வெளியில வந்தால் வெயில், திரும்ப ஐஸ். −17 பாகைக்கெண்டு செய்த தடிச்ச சப்பாத்தைப் போட்டால் கால் அவிஞ்சுபோகும். எங்கட வேலைக்கு ஏத்த சப்பாத்து எது என்று இங்க ஆரும் சோதிச்சுப் பார்க்கேல்ல. பிறகு போடேல்ல என்று தொழிலாளியைப் பேசுறது என்ன நியாயம்?

1956 இல் நோர்வேக்குப் போன யாழ்ப்பாணத்தவர் அன்ரனி ராஜேந்திரம். அவர் தொடக்கி வைச்ச சீ-நோர் எங்கட மீன்பிடியோடயே வளர்ந்த பெயர். பிறகு போர்க்காலத்தில போன எங்கட சனம் வட நோர்வேயின் ஃபின்மார்க் மீன் ஆலைகளில் வேலை செய்தது. அங்க பாதுகாப்புச் சப்பாத்து கொடுக்கிறது முதலாளியின்ர சட்டக் கடமை. அண்ணனுக்கு அங்க சப்பாத்து, தம்பிக்கு இங்க பாட்டா. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் கால்தானே?

இலங்கையில் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 இலேயே வந்திட்டுது. ஆனால் இறங்குதுறையில நாட்கூலிக்கு ஐஸ் உடைக்கிறவரைத் தேடி எந்தப் பரிசோதகர் விடிய நாலு மணிக்கு வரப்போறார்?

நாங்கள் கேட்கிறது பெரிய காசு இல்லை. கிளிநொச்சியில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கு. சந்தையில கிடைக்கிற நாலைஞ்சு வகைச் சப்பாத்தை வாங்கி, உள்ளே வெப்பமானி வைச்சு, ஐஸ் தண்ணிக்குள்ள ஒரு முழு வேலை நேரம் நிறுத்திப் பாருங்கோ. பிறகு அதையே வெயிலில வையுங்கோ. முடிவைத் தமிழில எழுதி ஒவ்வொரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலயும் ஒட்டுங்கோ. சங்கங்கள் அந்தத் தாளைக் காட்டி முதலாளியிட்டக் கேட்கட்டும்.

நாங்களும் சும்மா இருக்க ஏலாது. அடுத்தமுறை சந்தைக்குப் போய் மீனின் செவுளை விரிச்சுப் பார்க்கேக்க, ஐஸ் தண்ணிக்குள்ள நிண்டு அதை எடுத்துத் தாறவரின்ர காலையும் ஒருக்காப் பாருங்கோ.