சி.டி. யாரோடது... கீ யாரோடது?

மெக்கானிக்கலோ, சிவிலோ, கெமிக்கலோ... உங்க காலேஜ் லேப் மூலையில ஒரு தடவை எட்டிப் பாருங்க. வெள்ளையா வாங்கி, டீ கலருக்கு மாறிப்போன ஒரு சி.பி.யு. அநேகமா உட்கார்ந்திருக்கும். ஆன் பண்ணினா பச்சை மேடு, நீல வானம்! விண்டோஸ் எக்ஸ்.பி.யேதான். 2001 அக்டோபர்ல கடைக்கு வந்து, 2014 ஏப்ரல் 8-ம் தேதியோட மைக்ரோசாஃப்ட் கைகழுவிய ஐட்டம்.

'தூக்கிப் போட வேண்டியதுதானே'ன்னு கேட்காதீங்க பாஸ். பக்கத்துல கம்பியை இழுத்து அறுக்கிற யூ.டி.எம். மெஷின் நிக்குதே... அதோட பேசுற கார்டுக்கு எக்ஸ்.பி.க்கு மட்டும்தான் டிரைவர் இருக்கும். புது கன்ட்ரோலர் வாங்கணும்னா கொட்டேஷன் லட்சத்துல வரும். ஆக, சி.பி.யு. படுத்தா மெஷின் படுக்கும். மெஷின் படுத்தா உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் படுக்கும்.

அது படுக்கிற நாள்ல என்ன நடக்கும்? மேஜை டிராயரைத் திறப்பாங்க. உள்ளே மூணு சி.டி. ஒண்ணு ஹாலோகிராம் மின்னும். ஒண்ணுல மார்க்கர் பேனாவால 'எக்ஸ்.பி. நியூ'ன்னு எழுதியிருக்கும். மூணாவதுல எதுவுமே எழுதியிருக்காது. கீ மட்டும் நாலு! கேபினெட் ஸ்டிக்கர்ல ஒண்ணு, சி.டி. கவர்ல ஒண்ணு, லேப் நோட்டு கடைசிப் பக்கத்துல ரெண்டு. எதுக்கு எது ஜோடி? அது லேப் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். அவர் அன்னிக்கு லீவுல இருப்பார்!

கையில கிடைச்ச சி.டி.யை உடனே சொருகிடாதீங்க. முதல்ல நிஜமாவே ரீஇன்ஸ்டால் தேவையான்னு பாருங்க. மதர்போர்டுல ரூபாய்க் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கு. பேரு சி.ஆர். 2032. அது செத்தா பயாஸ் செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குப் போயிடும். சாட்டா மோடு ஐ.டி.இ.யில இருந்து ஏ.எச்.சி.ஐ.க்கு மாறினா எக்ஸ்.பி.க்கு தன்னோட ஹார்டு டிஸ்க்கே அடையாளம் தெரியாது. நீலத்திரையில கடைசியா '7பி'ன்னு முடியுற எர்ரரைத் துப்பிட்டு நின்னுடும். பேட்டரியை மாத்தி, மோடைத் திரும்ப ஐ.டி.இ. ஆக்கினா ஜம்முனு எழுந்து உட்காரும். இது தெரியாம நல்லா இருந்த எக்ஸ்.பி.யை அழிச்ச கதைகள் ஏகப்பட்டது.

அழிக்கிறதுன்னதும் சொல்லணும்... எக்ஸ்.பி. செட்அப்போட மகா குசும்பு இதுதான். முதல்ல ஹார்டு டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணும். ஃபைலையெல்லாம் காப்பி பண்ணும். ரீஸ்டார்ட் ஆகும். 'இன்னும் 39 நிமிஷம்'னு காட்டும். அதுக்கப்புறம்தான் 'கீ எங்கே?'ன்னு கேட்கும்! தாலி கட்டி முடிச்சதும் ஜாதகம் கேட்ட மாதிரி. உங்ககிட்ட இருக்கிற கீ செட் ஆகலைன்னா பழசும் போச்சு, புதுசும் இல்லை. பழசுலதான் அந்த மெஷினோட கேலிபிரேஷன் ஃபைல் இருந்திருக்கும். அது இல்லாம மெஷின் காட்டுற நம்பரை நம்பி ரிப்போர்ட் எழுத முடியாது.

அதனால சி.டி.யை பூட் பண்றதுக்கு முன்னாடி வேற கம்ப்யூட்டர்ல போட்டுத் திறந்து பாருங்க. 'ஐ386'னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுக்குள்ள 'செட்அப்' ஃபைல்கள் நடுவுல, இங்கிலீஷ்ல ரெண்டு 'பி' போட்டு முடியுற ஒரு ஐ.என்.ஐ. ஃபைல் இருக்கும். ஸ்பெல்லிங் மிஸ்டேக் இல்லீங்க, நிஜமாவே ரெண்டு 'பி'தான். நோட்பேடுல திறந்தா 'பி.ஐ.டி.'ன்னு ஒரு வரி. அதோட கடைசி மூணு எழுத்துதான் ஜாதகம். 270-ன்னா வால்யூம். 335-ன்னா ரீடெய்ல். ஓ.இ.எம்.னே இருந்தா ஓ.இ.எம்.தான்.

ரீடெய்ல்னா கடையில டப்பாவா தனியா வித்தது. ஓ.இ.எம்.னா கம்ப்யூட்டரோட சேர்த்து வித்தது. வால்யூம்னா காலேஜ், கம்பெனிகளுக்கு மொத்தமா கொடுத்தது. மூணும் உள்ளே ஒரே எக்ஸ்.பி.தான். ஆனா ஒண்ணோட கீயை இன்னொண்ணு ஏத்துக்காது. டவுன் பஸ் பாஸை வெளியூர் பஸ்ல நீட்டினா கண்டக்டர் பார்ப்பாரே ஒரு பார்வை, அதே கதை! கூடவே ஹோம், புரொஃபஷனல்னு எடிஷனும் பொருந்தணும். சர்வீஸ் பேக் நம்பர் மாறியிருந்தா பெரும்பாலும் பிரச்னை வராது. கொடுமை என்னன்னா, தப்பான கீ போட்டா 'செல்லாது'ன்னு மட்டும் சொல்லும். ஏன்னு சொல்லாது. ஒரிஜினல் கீயையே 'டூப்ளிகேட்'னு நினைச்சுத் தூக்கிப் போட்டுட்டு கிராக் தேடி அலையறது இங்கேதான் ஆரம்பிக்குது.

நோட்டுல எழுதின கீயா? 25 எழுத்துல எது என்னன்னு புரியலையா? ஒரு ரகசியம்... எக்ஸ்.பி. கீயில இங்கிலீஷ் உயிரெழுத்தே கிடையாது. எல், என், எஸ், இசட் கிடையாது. 0, 1, 5-ம் கிடையாது. நோட்டுல சைபர் மாதிரி தெரிஞ்சா அது 'டி'யோ 'க்யூ'வோதான். இசட் மாதிரி இருந்தா 2. ஆனா 'பி'யும் 8-ம், 'ஜி'யும் 6-ம் ரெண்டுமே வரும். அங்கே மட்டும் மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க.

பிராண்டட் கம்ப்யூட்டர்ல இன்னொரு வில்லங்கம் உண்டு. கம்பெனிக்காரங்களே இன்ஸ்டால் பண்ணி அனுப்பின கீ வேற, கேபினெட்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் கீ வேற. கீ ஃபைண்டர் சாஃப்ட்வேர் காட்டுறது அந்த முதல் கீ. அந்தக் கம்பெனியோட சி.டி. பயாஸைப் பார்த்து 'நம்ம வீட்டுப் பிள்ளை'ன்னு தெரிஞ்சா கீயே கேட்காது, ஆக்டிவேஷனும் கேட்காது. மதர்போர்டை மாத்தினீங்கன்னா போச்சு. அப்போ ஸ்டிக்கர்தான் கதி. அதனால ஸ்டிக்கர் தேய்ஞ்சு அழியறதுக்குள்ள மொபைல்ல ஒரு போட்டோ எடுத்துடுங்க.

'எஃப்.சி.கே.ஜி.டபிள்யூ'ன்னு ஆரம்பிக்கிற ஒரு கீ நோட்டுல இருந்தா அதை நம்பாதீங்க. எக்ஸ்.பி. ரிலீஸாகும் முன்னாடியே லீக் ஆகி, உலகம் பூரா சுத்தின வால்யூம் கீ அது. 2002-ல வந்த சர்வீஸ் பேக் 1-லயே அதை பிளாக் பண்ணிட்டாங்க. மார்க்கர்ல எழுதின சி.டி.க்குள்ள யார் என்ன சேர்த்து வச்சிருக்காங்கன்னும் தெரியாது. மெஷின் வாங்கும்போது காலேஜ் காசு கொடுத்த லைசென்ஸ், பக்கவாட்டுல ஸ்டிக்கரா ஒட்டிக்கிட்டு இருக்கும்போது அது எதுக்கு?

இதெல்லாம் படுத்ததுக்கு அப்புறம் செய்யற வைத்தியம். படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டர்ல மாட்டி, குளோன்ஸில்லா மாதிரி இலவச சாஃப்ட்வேர்ல முழுசா ஒரு காப்பி எடுங்க. அதே மெஷின்ல அந்தக் காப்பியைப் போட்டா கீ வேண்டாம், 39 நிமிஷமும் வேண்டாம். ஹார்டு டிஸ்க் மட்டும் மாறினதுக்காக எக்ஸ்.பி. மறுபடி ஆக்டிவேஷன் கேட்காது. அது பத்து பார்ட்டை மனசுல வச்சுக்கிட்டு, நிறைய மாறினாத்தான் சண்டைக்கு வரும்.

நெட் கனெக்‌ஷன் மட்டும் கொடுக்காதீங்க. 2017 மே மாசம் வான்னாக்ரை வந்தப்போ, கைகழுவின எக்ஸ்.பி.க்கே மைக்ரோசாஃப்ட் திரும்ப வந்து ஒரு பேட்ச் கொடுக்க வேண்டியதாப் போச்சு.

ஒரு கவர் எடுத்து சி.டி., கீ, அதோட பி.ஐ.டி. எழுத்து, எந்த மெஷின்... எல்லாத்தையும் எழுதி, கேலிபிரேஷன் ஃபைலோட காப்பியையும் உள்ளே போட்டு ஒட்டிடுங்க. எது எதுக்கு ஜோடின்னு லேப் அண்ணன் ரிட்டயர் ஆகறதுக்குள்ள கேட்டுக்கோங்க. அப்படியே, அந்த டிராயர் சாவி எங்கே இருக்குன்னும்!