லேப்டாப் டிபிஎம் சிப்பில் 24 பதிவேடுகள்: ஒன்றை மட்டும் கெர்னலுக்கு ஒதுக்கச் சொல்வது ஏன்?

சார்ஜ் 4 சதவீதம்தான் இருக்கு. பாதி டைப் செய்த ஆவணம், பத்துப் பதினைந்து டேப் எல்லாம் திறந்தபடியே கிடக்கு. விண்டோஸ் லேப்டாப் என்றால் 'ஹைபர்நேட்' கொடுத்து மூடிவிடலாம்; மறுநாள் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். அதே லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, 'செக்யூர் பூட்' பாதுகாப்பையும் ஆன் செய்து வைத்திருந்தால் பெரும்பாலும் ஹைபர்நேட் ஆகாது. அது பழுது இல்லை. வேண்டுமென்றே தடுத்து வைத்திருக்கிறார்கள்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபின் லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்ப்பவர்களுக்கு இது புதிராகத்தான் இருக்கும். தடையை நீக்க ஒரு வழி உண்டு. அது விண்டோஸ் 11 கட்டாயமாகக் கேட்கும் அதே டிபிஎம் 2.0 சிப்பில் இருக்கு. ஆனால் அதற்காக அந்த சிப்பின் ஒரு பகுதியை மற்ற எல்லோரிடமிருந்தும் பறிக்க வேண்டியிருக்கும்.

ஏன் இந்தத் தடை?

ஹைபர்நேட் செய்யும்போது மெமரியில் இருக்கும் மொத்தமும் டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதப்படும். மறுபடி ஆன் செய்ததும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் அதைப் படித்து, அப்படியே மெமரியில் ஏற்றிவிடும். அந்தக் கோப்பை யாராவது மாற்றி வைத்துவிட்டால்? போலிக் கெர்னலே உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.

லினக்ஸில் 'ரூட்' என்பது முழு அதிகாரம் கொண்ட பயனர். அந்த ரூட்டே கெர்னலில் கை வைக்கக் கூடாது என்பதற்காக வந்ததுதான் 'லாக்டவுன்' வசதி. 2019-ல் லினக்ஸ் 5.4-ல் சேர்க்கப்பட்டது. அபார்ட்மெண்ட் செயலாளரிடம் எல்லாச் சாவியும் இருக்கலாம், லிஃப்ட் மெஷின் ரூமுக்குள் மட்டும் போகக் கூடாது என்கிற மாதிரி. ஆனால் ரூட்டால் டிஸ்க்கில் எதையும் எழுத முடியும். ஹைபர்நேட் கோப்பும் டிஸ்க்கில்தான் இருக்கு. அதனால் லாக்டவுன் இயங்கும்போது ஹைபர்நேட்டையே மூடிவிட்டார்கள். செக்யூர் பூட் ஆன் ஆனாலே பல லினக்ஸ் பதிப்புகளில் லாக்டவுனும் தானாக வந்துவிடும்.

சிப் என்ன செய்யும்?

கோப்பை என்கிரிப்ட் செய்து, சாவியை டிபிஎம் சிப்பிடம் பூட்டி வைக்கலாமே? வைக்கலாம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சிப்பிடம் போய்ப் பேசுவது கெர்னலா, ரூட்டா என்று சிப்புக்குத் தெரியாது. கெர்னல் கேட்டால் தரும் சாவியை ரூட் கேட்டாலும் தந்துவிடும்.

இங்கேதான் பதிவேடுகள் வருகின்றன. கணினிகளில் உள்ள டிபிஎம்மில் 0 முதல் 23 வரை எண்ணிட்ட 24 பதிவேடுகள் உண்டு, பிசிஆர் என்பார்கள். இவற்றில் நேரடியாக ஒரு மதிப்பை எழுத முடியாது. பழைய மதிப்போடு புதியதைச் சேர்த்துக் கணக்கிட்டு, வரும் விடையைத்தான் வைக்க முடியும். 'இந்தப் பதிவேட்டில் இந்த மதிப்பு இருந்தால் மட்டும் சாவியைத் திற' என்று நிபந்தனை போடலாம். ஒரு சாவி உருவானபோது பதிவேடுகளில் என்ன இருந்தது என்பதற்கும் சிப் சான்று தரும்.

0 முதல் 15 வரை உள்ளவற்றை ரீபூட் செய்யாமல் அழிக்க முடியாது. இயங்குதளம் சாதாரணமாக அழித்து எழுதக்கூடியவை 16, 23 இரண்டு மட்டுமே. 16 சோதனைக்கானது. மிச்சம் 23.

அந்த 23-ஐ கெர்னல் மட்டுமே தொடலாம், ரூட் உட்பட வேறு எந்த நிரலிடமிருந்தும் வரும் கட்டளையைக் கெர்னலே வழிமறித்துத் தடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அதில் குறிப்பிட்ட மதிப்பு இருக்கும்போது உருவான சாவி, கெர்னல் உருவாக்கிய சாவியாகத்தான் இருக்க முடியும். போலிக் கோப்பு செல்லாது. லாக்டவுனை உருவாக்கியவர்களில் ஒருவரான மேத்யூ காரெட் 2021 பிப்ரவரியில் முன்வைத்த யோசனை இதுதான். 2022-ல் கூகுள் தரப்பிலிருந்து குரோம்ஓஎஸ்ஸை மனதில் வைத்து இதையே மேம்படுத்தி மறுபடி கொண்டுவந்தார்கள்.

யாருக்கு இழப்பு?

டிபிஎம் விதிமுறையில் 23-ம் எண் பயன்பாட்டு நிரல்களுக்கென்றே விடப்பட்டது. ஊர்ப் பொது நிலத்துக்கு திடீரென்று வேலி போடுவது போலத்தான் இது. ஏற்கெனவே அதை நம்பி எழுதிய நிரல்கள் நின்றுபோகும். பயனர் நிரல்களை உடைக்கும் மாற்றம் கெர்னலில் வரக் கூடாது என்பது லினக்ஸ் உலகின் பழைய சட்டம். லினஸ் டோர்வால்ட்ஸ் இதில் ரொம்பக் கறார். அதனால்தான் எல்லோருக்கும் கட்டாயமாக இல்லாமல், கெர்னலைத் தயாரிக்கும்போது வேண்டுமானால் தேர்ந்தெடுக்கும் விருப்பமாக இதை வைத்தார்கள்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. இந்தத் தடை இல்லாத பழைய கெர்னலை, அதுவும் முறையாகக் கையொப்பமிட்டதை, ஒருவர் பூட் செய்தால் 23 மறுபடி திறந்த வீடுதான். இதை அடைக்க, எந்தக் கெர்னல் பூட் ஆனது என்று காட்டும் மற்ற பதிவேடுகளையும் சாவியின் நிபந்தனையில் சேர்க்கலாம். ஆனால் அப்படிச் செய்தால், அப்டேட் வரும்போதெல்லாம் அந்த மதிப்புகள் மாறுவதையும் சமாளிக்க வேண்டும்.

பதிவேட்டைத் தொடாமல் சமாளிக்க முடியாதா? டிபிஎம்மில் 'லொக்காலிட்டி' என்று 0 முதல் 4 வரை ஐந்து நுழைவாயில்கள் உண்டு. கெர்னலுக்கு ஒரு தனி வாயிலைக் கொடுத்துவிட்டால் பொது நிலத்தில் வேலி தேவையில்லை. என் பார்வையில் இதுதான் நியாயமான வழி. ஆனால் 0-ம் வாயிலை மட்டுமே தரும் சிப்களும் விதிமுறைப்படி செல்லும். தனி சிப் இல்லாமல் பிராசஸருக்குள்ளேயே டிபிஎம் இருக்கும் லேப்டாப்களில் இது முக்கியமான பிரச்சினை. 23-ம் எண்ணோ எல்லா டிபிஎம்மிலும் இருக்கு.

விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: அதில் டிபிஎம் 2.0 இல்லை என்றால் இந்தத் தீர்வும் எட்டாது. செக்யூர் பூட்டை அணைத்தால் பெரும்பாலும் லாக்டவுன் விலகும், ஹைபர்நேட்டுக்கான தடையும் போகும். ஆனால் அதோடு பூட் ஆகும் கெர்னல் அசலா, போலியா என்று பார்க்கும் காவலும் போய்விடும்.