விளக்கைக் குடத்திலிட்டவர் யார்?

பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை என்பது நம் பெரியோர் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. திறமை உடையவனை எவராலும் மறைக்க இயலாது, அவன் தானாகவே வெளிப்பட்டுத் தீருவான் என்று ஆறுதல் கூறுவோர் அனைவரும் இதனையே துணைக்கழைப்பர். கேட்பதற்கு இனிய மொழிதான். ஆனால் பிறர் நிழலில் நின்று உழைக்கும் ஓர் இளைஞனிடம் இதைச் சொல்பவர், அவன் வெளிப்படவில்லையெனில் அவனிடம் சரக்கே இல்லை என்னும் தீர்ப்பையும் சேர்த்தே எழுதிவிடுகின்றனர். இது ஆறுதலன்று, அநீதி. பூக்கடை தெருவில் இருந்தால் மணம் வீசும். பூட்டிய அறைக்குள் இருந்தால் எவருக்கு வீசும்? குன்றிலிட்ட விளக்கு என்றும் குடத்திலிட்ட விளக்கு என்றும் பிரித்துக் காட்டிய நம் முன்னோர், விளக்கு தானாகக் குன்றேறுவதில்லை என்பதை நன்கு அறிந்திருந்தனர்.

இவ்வுண்மையை நாட்ட நாம் எடுத்துக்கொள்ளும் சான்று, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் தோன்றி உலகையே ஆட்டிப்படைத்த பீட்டில்ஸ் என்னும் ராக் இசைக் குழு. தமிழ்ச் சங்க மலரில் இவர்களுக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் புருவம் உயர்த்தக்கூடும். பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வேரூன்றிய நம் குடும்பங்களில் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த இசைகளுள் இதுவும் ஒன்று என்பது ஒரு விடை. மற்றொன்றும் உண்டு. நாம் எவர் பொருட்டு வாதாட வந்தோமோ அந்த ஜார்ஜ் ஹாரிசன், பண்டித ரவிசங்கரிடம் சிதார் பயின்றவர். 1968 சனவரியில் பம்பாய்க்கு வந்து இந்தியக் கலைஞர்களைக் கொண்டு ஒலிப்பதிவு செய்தவர். 1974-இல் லட்சுமி சங்கர், வயலின் மேதை எல். சுப்பிரமணியம், மிருதங்க வித்துவான் டி. வி. கோபாலகிருஷ்ணன் முதலியோர் பங்கேற்ற இந்திய இசை விழாவை ஐரோப்பிய மேடைகளில் ஏற்றியவர். ஆகவே அவர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர்.

முதலில் குழுவின் அமைப்பைக் காண்போம். ஜான் லெனான் 1940-இல் பிறந்தவர், பால் மெக்கார்ட்னி 1942-இல், ஹாரிசன் 1943-இல். பதினைந்து வயதுச் சிறுவனாக ஹாரிசன் குழுவில் சேர்ந்தபோதே மூத்தவர் இருவரும் பாட்டெழுதுவதில் பங்காளிகளாகிவிட்டனர். யார் எழுதினாலும் இருவர் பெயரும் இணைந்தே வரும் என்பது அவர்களிடையே ஏற்பட்ட உடன்பாடு. இருவர் கூடி எழுதும் நட்பாகத் தொடங்கிய இது, விரைவில் ஒரு நிறுவனமாயிற்று. அவர்தம் பாடல்களுக்காக 1963-இல் நார்தர்ன் சாங்ஸ் என்னும் பதிப்புரிமைக் குழுமம் எழுந்தது. 1965-இல் அதன் பங்குகள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தபோது, லெனானும் மெக்கார்ட்னியும் பெரும் பங்குதாரர்களாக விளங்க, ஹாரிசனுக்கும் முரசு வாசித்த ரிங்கோ ஸ்டாருக்கும் எஞ்சியது சிறு துணுக்கே. ஹாரிசன் எழுதும் பாடலுக்கும் அக்குழுமமே உரிமையாளர். அதாவது, அவர் பாட்டெழுதினால் அதன் ஊதியத்தில் ஒரு பகுதி, அவரைக் காட்டிலும் மிகுதியாக அவருடைய தோழர்களுக்கே போய்ச் சேர்ந்தது. மனம் நொந்த ஹாரிசன் 1967-இல் இக்குறையையே பொருளாக வைத்து 'ஒன்லி எ நார்தர்ன் சாங்' என்றொரு பாட்டெழுதினார். அவ்வாண்டின் புகழ்மிக்க 'சார்ஜன்ட் பெப்பர்' இசைத்தட்டில் அதற்கும் இடம் மறுக்கப்பட்டது.

கணக்கைச் சற்றுக் கூட்டிப் பார்ப்போம். 1964-இல் வெளிவந்த இரண்டு இசைத்தட்டுகளில் அவர் எழுதிய பாடல் ஒன்றுகூட இல்லை. 1965-இன் இரண்டு தட்டுகளில் தலா இரண்டு, 1966-இல் மூன்று, 1967-இன் 'சார்ஜன்ட் பெப்பரில்' ஒன்றே ஒன்று. 1968-இல் வெளிவந்த இரட்டைத் தட்டில் மொத்தம் 30 உருப்படிகள். அவற்றுள் அவருடையவை நான்கு. 1969-இன் 'அபே ரோடு' தட்டில் இரண்டு. 1970-இன் இறுதித் தட்டிலும் இரண்டு. ஆள் வளர்ந்தார், கலை வளர்ந்தது, ஒதுக்கீடு மட்டும் வளரவில்லை. பந்தியில் அமர்ந்தவன் பசியறிந்து பரிமாறுவது ஒரு முறை. இவனுக்கு இரண்டு கரண்டிதான் என்று முன்பே முடிவு செய்துவிட்டுப் பரிமாறுவது இன்னொரு முறை. ஹாரிசனுக்கு நேர்ந்தது பின்னது.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். அவருடைய தொடக்ககாலப் பாடல்கள் தரத்தில் குறைந்தவை, ஆகவே ஒதுக்கீடு நியாயமே என்பர் ஒரு சாரார். தொடக்கம் எளியதாக இருந்தது உண்மை. 1963-இல் வந்த முதற்பாடலை அவரே பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் எந்தக் கவிஞனின் முதற்பாடல் காவியமாயிற்று? லெனானும் மெக்கார்ட்னியும் ஒருவர் பிழையை ஒருவர் திருத்தி வளர்ந்தனர். ஒலிப்பதிவை நெறிப்படுத்திய ஜார்ஜ் மார்ட்டினின் கவனமும் அவ்விருவர் மீதே குவிந்திருந்தது. ஹாரிசனுக்கு உரிய ஊக்கத்தைத் தாம் அளிக்கவில்லை என்று மார்ட்டினே பிற்காலத்தில் வருந்தினார். நீர் பாய்ச்சாத பாத்தியில் பயிர் குட்டையாக இருக்கிறது என்று குறை கூறுவது எவ்வகை நியாயம்?

போட்டிதானே கலையை வளர்த்தது, அவரும் போட்டியிட்டு வென்றிருக்கலாமே என்பர் இன்னொரு சாரார். இங்கேதான் ஒரு பெரும் குழப்பம் உள்ளது. போட்டி வேறு; வரிசை வேறு. சமமானவரிடையே நிகழ்வது போட்டி. லெனானுக்கும் மெக்கார்ட்னிக்கும் இடையே நிகழ்ந்தது அதுவே. ஒருவர் ஒரு நல்ல பாட்டைக் கொணர்ந்தால் மற்றவர் அதனினும் சிறந்ததைக் கொணர முனைந்தார். அதனால் உலகம் பயன்பெற்றது. இதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் மூன்றாமவர் களத்தில் இறங்கவே அனுமதி பெற வேண்டியிருந்தது. மூத்தவர் பாடல்கள் முடிந்த பின்னரே அவர் முறை வரும். இதனைப் போட்டி என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் துரோகம்.

சான்று வேண்டுமா? 1968-இல் 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' என்னும் பாடலை அவர் கொணர்ந்தபோது தோழர்கள் அதில் ஊக்கம் காட்டவில்லை. அவர் செய்தது என்ன? செப்டம்பர் 6 அன்று தம் நண்பர் எரிக் கிளாப்டனை ஒலிப்பதிவுக் கூடத்திற்கு அழைத்து வந்து கிட்டார் வாசிக்கச் செய்தார். விருந்தினர் முன் வீட்டார் ஒழுங்காக நடந்துகொள்வர் அல்லவா? பாடல் சிறந்தது. சொந்த வீட்டில் மதிப்புப் பெற அயலாரைத் துணைக்கழைக்க வேண்டிய நிலையை என்னென்பது!

1969 சனவரியில் துயரம் முற்றியது. படப்பிடிப்புக் கருவிகள் சூழ ஒத்திகை நடந்துகொண்டிருக்க, அம்மாதம் 10-ஆம் நாள் ஹாரிசன் குழுவை விட்டு வெளியேறினார். இரு வாரங்களுக்குள் திரும்பினார்; திரும்பியவர் பில்லி பிரெஸ்டன் என்னும் விசைப்பலகைக் கலைஞரை அழைத்து வந்து, குழுவின் சோர்வையும் போக்கினார். அந்நாள்களின் படச்சுருள்களைக் கொண்டு பீட்டர் ஜாக்சன் தொகுத்த நெடும்படம் 2021-இல் வெளிவந்தது; ஐயமுள்ளோர் அதனைக் கண்டு தெளியலாம். அதே சனவரியில் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' என்னும் தம் பாடலை ஹாரிசன் குழுவினர் முன் வைத்தார், ஒத்திகையும் பார்த்தனர். ஆனால் 1970-இல் வெளிவந்த இறுதித் தட்டில் அதற்கு இடமில்லை. ஒரு நிமிடம்கூட நீளாத 'மேகி மே' என்னும் லிவர்பூல் தெருப்பாட்டுக்கு அத்தட்டில் இடம் இருந்தது. விளையாட்டாகப் பாடிய இன்னொரு துணுக்குக்கும் இடம் இருந்தது. தரமே அளவுகோல் என்று வாதிடுவோர் இதற்கு விடை கூறட்டும்.

பின் நிகழ்ந்ததை உலகம் அறியும். குழு 1970-இல் கலைந்தது. அவ்வாண்டு நவம்பரில், கேட்பாரற்றுக் கிடந்த பாடல்களையும் புதியவற்றையும் திரட்டி, அதே 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' என்னும் பெயரில் மூன்று தட்டுகள் கொண்ட தொகுதியாக ஹாரிசன் வெளியிட்டார். அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதிலிருந்து வந்த 'மை ஸ்வீட் லார்ட்' இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் எய்தியது. குழுவிலிருந்து பிரிந்தவர்களுள் அப்பெருமையை முதலில் அடைந்தவர் அவரே. அப்பாடலின் மெட்டு வேறொரு பாட்டை ஒத்திருப்பதாக வழக்கு எழுந்ததையும், அறியாமலே நேர்ந்த நகல் என்று 1976-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் நாம் மறைக்கவில்லை. ஒரு மெட்டைப் பற்றிய தீர்ப்பு மூன்று தட்டுகளையும் பொய்யாக்கிவிடாது. 'அபே ரோடில்' அவர் எழுதிய 'ஹியர் கம்ஸ் த சன்' பாடலே, ஸ்பாட்டிஃபை என்னும் இணைய இசைச் சேவையில் பீட்டில்ஸ் பாடல்களுள் முதன்முதலாக, 2023-இல், நூறு கோடி முறை கேட்கப்பட்டது. மூன்றாமவர் என ஒதுக்கப்பட்டவரின் பாட்டு அது!

புகழ் வந்தபோதும் அது வழிதவறியே வந்தது. அதே தட்டில் இடம்பெற்ற 'சம்திங்' பாடலைச் சிறந்த காதற்பாட்டு எனப் போற்றிய அமெரிக்கப் பாடகர் பிராங்க் சினாட்ரா, அதனை லெனானும் மெக்கார்ட்னியும் எழுதியதாக மேடையில் அறிமுகம் செய்துவந்தார். மாலை கொணர்ந்தவரும் அயலார் கழுத்தில் அணிவித்தார். ஒரு பெயர் பலகையில் பெரிதாக எழுதப்பட்டுவிட்டால், அதன் கீழ் விளைவதெல்லாம் அதற்கே உரியதாகிவிடுகிறது.

இதனால் லெனானையும் மெக்கார்ட்னியையும் தீயோர் என நாம் தூற்றவில்லை. 'சம்திங்' பாடலின் அழகில் மெக்கார்ட்னியின் வாசிப்புக்கும் பங்குண்டு. அடுத்த தட்டில் மூவருக்கும் தலா நான்கு பாடல்கள் எனச் சமமாகப் பங்கிடலாம் என்று 1969 செப்டம்பரில் லெனான் முன்மொழிந்ததைக் காட்டும் ஒலிநாடாவும் உள்ளது. ஆனால் அந்த அடுத்த தட்டு வரவே இல்லை. நல்லவர் கூடிய இடத்திலும் அநீதி நிகழலாம். பழக்கம் என்னும் பெயரில் அது அமைதியாக அமர்ந்திருக்கும். தாம் தேவையற்றவர் எனக் கருதி ரிங்கோவும் 1968 ஆகஸ்டில் விலகிச் சென்றார். திரும்பி வந்தபோது அவருடைய முரசுகளை மலர்களால் அலங்கரித்து வைத்தவர் ஹாரிசன். புறக்கணிப்பின் வலியை அறிந்தவருக்கே அது தோன்றியது.

பார்த்தீர்களா, கடைசியில் அவர் வெளிப்பட்டுவிட்டாரே, பழமொழி வென்றதே எனச் சிலர் கைகொட்டக்கூடும். இல்லை அன்பர்களே! விளக்கு குடத்தை வென்று வெளிவரவில்லை. குடம் உடைந்தது, அதனால் ஒளி தெரிந்தது. குழு இன்னும் பத்தாண்டுகள் நீடித்திருப்பின், ஆண்டுக்கு இரண்டு பாடல்களோடு அவர் கணக்கு முடிந்திருக்கும். நாமும் அமைதியான மனிதர் என்ற பட்டத்தை அளித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்போம். உடையாத குடங்கள் உலகில் எத்தனை! அவற்றினுள் அவிந்த விளக்குகளுக்கு வரலாறு கணக்கு வைப்பதில்லை.

ஆதலின், திறமை தானே வெளிப்படும் என்று எந்த இளைஞனிடமும் இனி எவரும் கூற வேண்டா. மேடையும் பலகையும் நேரமும் எவர் கையில் உள்ளனவோ அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: ஐயா, மூன்றாமவன் வளர்ந்துவிட்டான், அவனுக்குரிய இடம் வளர்ந்ததா?