பழைய பிக்கப் வண்டியைப் புதுப்பிக்கலாமா?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழமொழி. காய்கறி, கீரை, பூ ஆகியவற்றைப் பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு இது அன்றாடக் கணக்காகவே இருந்து வருகிறது. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் வாடகை வண்டிக்குப் போகும் தொகை, சில சமயம் உரத்திற்குச் செலவிட்ட தொகையையும் மிஞ்சிவிடுகிறது. ஆகவே, சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் நலம் என்ற எண்ணம் எழுவது இயல்பே.

புதிய வண்டிக்குக் கடன் வாங்கினால் மாதத் தவணை கழுத்தை நெரிக்கிறது. மழை பொய்த்தாலும், விலை விழுந்தாலும் தவணை நிற்பதில்லை. இந்நிலையில் விவசாயிகள் பலரின் பார்வை பழைய பிக்கப் வண்டிகளின் மீது விழுகிறது. மலிவாக ஒன்றை வாங்கி, வீட்டு வாசலில் நிறுத்தி, கையில் காசு சேரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் செப்பனிட்டு ஓட்டலாம் என்று கணக்குப் போடுகிறார்கள்.

இந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால் மூன்று விஷயங்கள் சரியாக இருந்தால்தான் இதில் இறங்க வேண்டும். வண்டியின் சேஸ் உறுதியாக இருக்க வேண்டும். ஆவணங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். உதிரி பாகங்கள் தட்டின்றிக் கிடைக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுவதே உத்தமம்.

உப்புக் காற்றும் உரமூட்டையும்

பொன்னேரி, மீஞ்சூர், செங்குன்றம் வட்டாரத்து விவசாயிகளுக்குப் பழைய வண்டி என்றால் நினைவுக்கு வருவது வடசென்னைதான். ராயபுரம் கல்மண்டபத்திற்குக் கிழக்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகம்; தெற்கே சென்னைத் துறைமுகம்; வடக்கே திருவொற்றியூரும் எண்ணூரும். துறைமுக லாரிகளுக்கும் விசைப்படகுகளுக்கும் வேலை செய்து பழகிய லேத் பட்டறைகளும், வெல்டிங் கடைகளும், ஸ்பிரிங் பட்டை கட்டுபவர்களும் இப்பகுதியில் உண்டு. தேய்ந்துபோன எந்த இரும்பையும் திரும்ப உழைக்க வைக்கும் கைத்திறன் இங்கே இருக்கிறது.

அதே இடத்தில் ஆபத்தும் இருக்கிறது. கடற்காற்றில் உப்பு உண்டு. மீன் ஏற்றிய வண்டிகளில் ஐஸ் உருகி வடியும் உப்பு நீர் பலகை இடுக்கு வழியே இறங்கிச் சேஸின் உட்புறத்தில் தங்குகிறது. வெளியே பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தாலும் உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். ஆகவே, கடலோரத்தில் ஓடிய வண்டியை, அதிலும் மீன் ஏற்றிய வண்டியை, இரண்டு மடங்கு எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும்.

இந்தத் துரு கடலோடு நின்றுவிடுவதும் இல்லை. விவசாயி ஏற்றும் உரமூட்டையிலிருந்தும் வருகிறது. பொட்டாஷ் உரத்தில் இருப்பதும் கடலுப்பில் இருப்பதும் ஒரே குளோரைடுதான். அம்மோனியம் சல்பேட்டும் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரிக்கும். உரம் ஏற்றி இறக்கிய அன்றே தளத்தைக் கூட்டிவிட்டு நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் உட்புகுந்த கிணறுகள் பல உள்ளன. அந்தக் கிணற்று நீரால் கழுவுவது கழுவாமல் விடுவதைவிடக் கெடுதல்.

மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பது போல

சந்தையில் மாடு வாங்கும்போது கொம்புக்குப் பூசிய வண்ணத்தைப் பார்த்து யாரும் பணம் கொடுப்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். வண்டிக்கும் அதே முறைதான்.

ஒரு சிறு சுத்தியலால் சேஸின் அடிப்பகுதியை நெடுகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருப் பிடித்த இடம் மந்தமாக ஒலிக்கும், செதில் உதிரும். தகட்டின் மேல் ஒரு காந்தத்தை நகர்த்தினால் பட்டி பூசி மறைத்த இடத்தில் அது ஒட்டாது. எஞ்சினைக் காலையில், சூடேறுமுன் இயக்கிப் பார்க்க வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். கரும்புகை என்றால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், டீசல் அதிகம் இறங்குவதும் காரணமாகலாம். சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் எஞ்சினுக்குள் தண்ணீர் போகிறதா என்று மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

எஞ்சின் பழுதுக்கு மருந்து உண்டு. சேஸ் உளுத்திருந்தால் மருந்து இல்லை. எனவே முதலில் பார்க்க வேண்டியது சேஸ். எஞ்சின் அதற்கு அடுத்ததுதான்.

அடுத்து ஆர்.சி. புத்தகம். அதில் உள்ள சேஸ் எண்ணும், எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். நிதி நிறுவனக் கடன் தீர்ந்து, அந்தப் பதிவு நீக்கப்பட்டிருக்க வேண்டும். வரி பாக்கி, அபராத பாக்கி இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ, பரிவாஹன் இணையதளத்திலோ பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். சரக்கு வாகனம் எட்டு ஆண்டு கடந்துவிட்டால் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்டியாக வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பெயர் போன வண்டியும் பாகம் போன வண்டியும்

வண்டி செய்வதில் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது; 1955ல் அசோக் லேலண்டாகி லாரிகளுக்குப் பெயர் பெற்றது. நகரின் தென்கோடியில் வண்டலூர் அருகே இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ஹெரால்டு கார்களோடு ஸ்டாண்டர்டு 20 என்ற சிறு சரக்கு வண்டியையும் செய்தது. 1969ல் பஜாஜ் டெம்போவின் மேட்டடோர் வந்தது; டெம்போ என்ற சொல்லே சிறு சரக்கு வண்டிக்குப் பொதுப் பெயராகிவிட்டது.

இவற்றில் பாடம் என்ன? 1980களின் இறுதியில் ஸ்டாண்டர்டு ஆலை மூடப்பட்டது. அதன் வண்டிக்கு இன்று ஒரு கியர் வேண்டுமானால் தேடி அலைய வேண்டும், அல்லது லேத்தில் கடைந்து எடுக்க வேண்டும். 1980களில் ஜப்பானியக் கூட்டுடன் வந்த ஆல்வின் நிசான், டி.சி.எம். டொயோட்டா என்ற பெயர்களும் சந்தையிலிருந்து மறைந்துவிட்டன. நல்ல வண்டியாக இருந்தும் பாகம் கிடைக்காததால் கொட்டகையில் நின்றுவிடுவது எத்தனையோ. சாகுபடிக்கு விதை கிடைக்காத ரகம் எவ்வளவு உயர்ந்த ரகமானாலும் பயனில்லை அல்லவா?

ஆகவே, பக்கத்து ஊர்க் கடையிலேயே கிளட்ச் பிளேட்டும், பிரேக் ரப்பரும், வாட்டர் பம்பும் கிடைக்கும் வண்டியையே விவசாயி தேர்ந்தெடுக்க வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் பழைய பாகங்கள் மலிவுதான். ஆனால் ரசீது இல்லாத எஞ்சினையோ, கியர் பாக்ஸையோ தொடவே கூடாது. திருட்டுப் பொருள் என்றால் வழக்கு வாங்கியவர் மேலும் வரும்.

அரும்பொருளாகப் பழைய வண்டியைப் புதுப்பிப்பவர்களும் இருக்கிறார்கள். திருவொற்றியூர் ஆலையில் செய்த பழைய புல்லட்டுக்கு இன்றும் மதிப்பு உண்டு. 50 ஆண்டுக்கு மேற்பட்ட, மாற்றம் செய்யப்படாத வண்டிகளைப் பழமை வாகனமாகத் தனியே பதிய 2021ல் மத்திய அரசு விதி வகுத்தது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது, வாணிபத்திற்கும் பயன்படுத்தக் கூடாது. மூட்டை ஏற்ற வேண்டியவர் அந்த வழியில் போவதில் பொருளில்லை.

வீட்டில் செய்யக் கூடியவை

துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, உலர்த்தி, ரெட் ஆக்சைடு இரண்டு முறை பூசி, அதன் மேல் பெயிண்ட் அடிப்பதை வீட்டிலேயே செய்யலாம். தளப்பலகை மாற்றுவது, கிரீஸ் வைப்பது, ஆயிலும் வடிகட்டிகளும் மாற்றுவது, ரேடியேட்டர் குழாய்களை மாற்றுவது ஆகியவையும் கைப்பழக்கத்தில் வரும். பம்புசெட்டைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவருக்கு இவை கடினமல்ல.

வீட்டில் செய்யக் கூடாதவையும் உண்டு. டீசல் பம்பு, நாசில் சரிசெய்வது, சிலிண்டர் போர் செய்வது, பிரேக் டிரம் கடைவது, சேஸில் வெல்டிங் வைப்பது ஆகியவற்றை உரிய பட்டறையில்தான் செய்ய வேண்டும். பிரேக்கைப் பொறுத்தவரை சிக்கனமே கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. நெடுநாள் நின்ற வண்டியில் பழைய ஆயிலை முழுதும் வடித்து, ரப்பர்களை மாற்றிய பிறகே சாலையில் இறக்க வேண்டும்.

வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கலாகாது. கனமான மரக்கட்டையோ, ஸ்டாண்டோ முட்டுக் கொடுக்க வேண்டும். காலி டீசல் டாங்கில் வெல்டிங் வைப்பது உயிருக்கே உலை. பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்; அந்தத் தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

மாற்றி அமைப்பதற்கு எல்லை உண்டு

வடசென்னைத் தெருக்களில் மீன்பாடி வண்டியைப் பார்க்காதவர் இல்லை. மிதித்து ஓட்டிய அந்த மூன்று சக்கர வண்டியில் பழைய ஸ்கூட்டர் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார்கள். பிழைப்புக்காகச் செய்த புத்திசாலித்தனம்தான். ஆனால் அப்படி எஞ்சின் பூட்டிய வண்டிக்குப் பதிவு இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை. விபத்து நேர்ந்தால் அடிபட்டவருக்கும் நஷ்ட ஈடு இல்லை; ஓட்டியவர் குடும்பமும் நடுத்தெருவுக்கு வரும்.

பிக்கப் வண்டியிலும் இதே கதை நடக்கிறது. தளத்தை நீட்டுவது, பக்கப் பலகையை உயர்த்துவது, வேறு எஞ்சினைப் பூட்டுவது எல்லாம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுக்குள் வருகின்றன. தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. சட்டத்திற்குப் புறம்பான மாற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை வைத்துவிட்டதால் அனுமதித்த பாரம் கூடிவிடுவதில்லை. பிரேக்கும், ஆக்சிலும், டயரும் பழைய பாரத்திற்கு உரியவைதானே!

விவசாயிக்கு வேண்டிய வசதிகளை வண்டியின் உடலைத் தொடாமலே செய்துகொள்ளலாம். தக்காளிக்கும் கத்தரிக்கும் காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கூடைகளை அடுக்கலாம். பால் கேன் உருளாமல் இருக்கக் கழற்றி மாட்டும் தடுப்புச் சட்டம் வைக்கலாம். கீரைக்கும் பூவுக்கும் ஈரச் சாக்கும் மேலே தார்ப்பாயும் போதும். இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். சரக்குச் சேதம் குறைவதால் கிடைக்கும் லாபம் அதிகம்.

எத்தனை நடை?

இனி வரவு செலவைப் பார்ப்போம். ஓர் உதாரணமாக, வாங்கிய விலையும் பழுது பார்த்த செலவும் சேர்ந்து 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு ஓடினால் ஆண்டுக்கு 40,000 ரூபாய். இன்ஷூரன்ஸ், வரி, எஃப்.சி., டயர், சில்லறைப் பழுது ஆகியவற்றுக்கு 35,000 ரூபாய். ஆக 75,000 ரூபாய், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். வாடகை வண்டிக்கு ஒரு நடைக்கு 1,800 ரூபாய் ஆகிறது, சொந்த வண்டிக்கு டீசல் 600 ரூபாய் ஆகிறது என்றால் நடைக்கு மிச்சம் 1,200 ரூபாய். 75,000ஐ 1,200ஆல் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 63 நடை வருகிறது.

இந்தக் கணக்கின்படி 63 நடைக்குக் குறைவாக ஓட்டுபவருக்கு வாடகை வண்டியே லாபம். அவரவர் ஊர் விலைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்து பார்க்க வேண்டும். தனி ஒருவருக்குக் கட்டாத வண்டி நான்கு பேர் கூடினால் கட்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் உள்ள ஊர்களில் வண்டியை அதன் பெயரிலேயே வாங்குவது சாலச் சிறந்தது.

அரசு செய்ய வேண்டியது

டிராக்டருக்கும், பவர் டில்லருக்கும் பயிற்சி தரப்படுகிறது. விளைந்ததைச் சந்தை சேர்க்கும் வண்டியும் விவசாயக் கருவியே என்பதை ஏற்க வேண்டும். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் பிரிவு இருக்கிறது. பட்டறைக் கருவிகளும் ஆசிரியர்களும் அங்கே இருக்கிறார்கள். அறுவடை ஓய்ந்த மாதங்களில் விவசாயிகளின் பிள்ளைகளுக்கு வண்டிப் பராமரிப்பில் ஒரு வாரப் பயிற்சி அங்கே நடத்தினால் பெரும் செலவின்றிப் பெரும் பயன் கிட்டும். பழைய வண்டி வாங்குபவருக்கு அதைப் பரிசோதித்து, சேஸும் பிரேக்கும் எந்நிலையில் உள்ளன என்று எழுதிக் கொடுக்கும் வசதியையும் அங்கேயே ஏற்படுத்தலாம். மண்ணைப் பரிசோதித்துச் சீட்டுக் கொடுப்பது போலத்தான் இதுவும். தரகர் சொல்லை நம்பிச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைத் துருவில் போடும் நிலை அப்போது மாறும்.

அது வரும்வரை, பழைய வண்டி வாங்க நினைப்பவர் நம்பகமான மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்தாவது உடன் அழைத்துச் செல்ல வேண்டும். ஒரு நாள் கூலியைப் பார்த்தால் ஐந்தாண்டு நஷ்டத்தைத் தாங்க வேண்டியிருக்கும்.