தீக்குழித் தேர்வு

தில்லையிலே முதன்முதல் நடந்த நுழைவுத் தேர்வு எது தெரியுமா? ஆதனூர் நந்தன் எழுதிய தேர்வு! வினாத்தாள் இல்லை, விடைத்தாள் இல்லை. தெற்கு மதிலுக்கு வெளியே மூட்டிய தீ ஒன்றுதான் இருந்தது. மூழ்கினான், பூணூலும் சடைமுடியும் தாங்கிய முனிவனாக எழுந்தான், உள்ளே போனான் என்று பெரியபுராணம் பேசுகிறது. பக்தர்கள் அதைக் கேட்டுக் கண்ணீர் உகுப்பர். நான் கேட்பது வேறு. ஆதனூர்ச் சேரியில் அவனுக்குப் பின்னே நின்றிருந்தவர்கள் என்ன ஆனார்கள்? ஒருவன் நுழைந்தான், நுழைந்ததும் கதவு மூடிக்கொண்டது! மற்றவர்க்கெல்லாம் ஆலயக் கதவைச் சட்டத்தால் திறக்கச் சென்னை மாகாணத்தில் 1947 ஆக வேண்டியிருந்தது.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? சென்ற திங்கள் சிதம்பரத்தில் கூட்டம் முடித்து மேடையை விட்டு இறங்குகிறேன். காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயத் தொழிலாளி ஒருவர், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கையில் பிடித்தபடி எதிரே வந்து நின்றார்.

"தம்பி, நவோதயா பள்ளி என்று புதுச்சேரியில் இருக்கிறதாமே. சோறு, துணி, புத்தகம், தங்க இடம் எல்லாம் சும்மாவாமே. கடலூரைத் தாண்டினால் இருக்கிற பள்ளி நம் மாவட்டத்துக்கு ஏன் இல்லை? நீங்கள்தான் வேண்டாம் என்றீர்களாமே, மெய்யா?"

மெய்தான். 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை ஈன்ற பள்ளிகள் அவை. இந்திய நாடெங்கும் 650க்கு மேல் உண்டு. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. மும்மொழித் திட்டத்தின் வழியே இந்தி நுழையும் என்று மறுத்தோம். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழிவிடச் சொன்னது. அவ்வாண்டே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. வழக்கு அதன் பின்னும் நீண்டது. இந்தியைப் பற்றி இங்கே விரிக்கப் போவதில்லை. 1965 சனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் இராசேந்திரன் குண்டுக்கு இரையான ஊருக்கு அந்தப் பாடம் நான் நடத்த வேண்டுமா? ஆனால், மொழிக் கொள்கையை மட்டும் விடையாகச் சொல்லிவிட்டு வண்டியேறினால் நான் கோழை. அந்தத் தந்தை கேட்டது சோறும் கல்வியும்!

ஆகவே அந்தப் பள்ளியின் வாசலுக்கே போவோம், வாருங்கள்.

வாசலில் ஒரு தேர்வு. எழுத வருவோர்க்குப் பத்து, பதினொரு வயது. இரண்டு மணி நேரம், 80 வினா, 100 மதிப்பெண். அவற்றுள் 40 வினா 'மனத்திறன்'. நான்கு படங்களைக் காட்டிப் பொருந்தாதது எது என்று கேட்பார்கள். பயிற்சிப் புத்தகத்தை ஆறு மாதம் புரட்டிய பிள்ளைக்கு அது விளையாட்டு. முதன்முதல் பார்க்கும் பிள்ளைக்கு அது மாயவித்தை. பொருந்தாதது எது? அந்த இரண்டாவது பிள்ளைதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்! அன்றைக்குக் காய்ச்சல் என்றால்? மறு ஆண்டு எழுதலாமா? கூடாது, வாழ்நாளில் ஒரே முறை. கொலைக் குற்றவாளிக்கும் மேல்முறையீடு உண்டு; குறிஞ்சிப்பாடிச் சிறுமிக்கு இல்லை!

"75 விழுக்காடு கிராமத்துக்கு ஒதுக்கியிருக்கிறோமே, ஒடுக்கப்பட்டோர்க்கும் பெண்களுக்கும் இடம் உண்டே" என்பர். உண்டு. ஒதுக்கீட்டைப் போராடிப் பெற்ற நமக்கு அதைக் குறை சொல்ல நா எழாது. ஆயினும் கிராமம் முழுவதும் ஒரே நிறமா? ஊர்ப்புறத்துத் தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிப் படித்தவனும் அந்தக் கணக்கில் கிராமத்தான். இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பைக் கட்டி மேய்க்கும் ஒன்றியப் பள்ளியில் படித்தவளும் கிராமத்தாள். இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஊதல் ஊதுகிறார்கள், ஓடச் சொல்கிறார்கள், பிந்தியவளுக்குத் திறமை இல்லை என்கிறார்கள்!

சரி, எத்தனை பேருக்கு இடம்? பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 80. கடலூர் மாவட்ட மக்கள் 2011 கணக்கின்படி 26 இலட்சம். எண்பதாவது பிள்ளைக்கும் எண்பத்தோராவது பிள்ளைக்கும் இடையே இருப்பது ஒரு வினாவாக இருக்கலாம். அந்த ஒரு வினா, ஒருத்தியை விடுதிக்கும் மற்றொருத்தியைப் பண்ருட்டி முந்திரித் தோப்புக்கும் அனுப்பிவிடும் வலிமை பெற்றுவிடுகிறது.

வெள்ளைக்காரன் இதைச் செய்து பார்த்தவன். 1944ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், பதினொரு வயதில் தேர்வு வைத்து, தேறியோரைக் கிராமர் பள்ளிக்கும் தேறாதோரைக் கீழ்ப்பள்ளிக்கும் பிரித்தான். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பக்கம் குவிந்தார்கள் என்று நான் சொல்லவும் வேண்டுமா? 1965இல் தொழிற்கட்சி அரசு, அனைவர்க்கும் பொதுப் பள்ளிக்குத் திட்டமிடுங்கள் என்று சுற்றறிக்கை விட்டது. கெண்ட் போன்ற சில பகுதிகள் இன்றும் பழைய தேர்வை விடவில்லை, பெரும்பகுதி விட்டுவிட்டது.

நம் நாட்டில் 1953இல் ஆச்சாரியார் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்றார். அடுத்த ஆண்டே அத்திட்டம் வீழ்ந்தது. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. ஊர்ப்புறப் பிள்ளைகளை அது நசுக்குகிறது என்று கண்டு 2007இல் அதைச் சட்டத்தால் நீக்கினோம். பதினேழு வயதுக்கு ஆகாத தேர்வு பத்து வயதுக்கு மட்டும் ஆகுமோ?

கல்லூரியைப் பாதியில் விட்டு நாடக மேடை ஏறியவன் நான். தேர்வுக்கு அஞ்சியவனின் வயிற்றெரிச்சல் என்பாரும் உளர். சொல்லட்டும்!

நம்மவர்க்கும் ஒரு சொல் உண்டு. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் எழுந்த மாதிரிப் பள்ளிகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பெரிய கல்லூரிகளுக்கு அனுப்பியது கண்டு நானும் கைதட்டினேன். ஆனால் அங்கும் சிலரைத் தெரிந்தெடுத்துத்தானே அழைத்துப் போகிறோம்? தெரியப்படாத பிள்ளை உட்கார்ந்திருக்கும் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இருக்கிறாரா? தில்லிக்காரனை நோக்கி நீட்டும் விரல் நம் பக்கமும் சற்றுத் திரும்பட்டும்.

அதே சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் ஒரு பள்ளி தொடங்கினார். மற்றவர் கதவடைத்த பிள்ளைகளுக்கென்றே திறந்த கதவு அது. இன்று அரசு மேல்நிலைப் பள்ளியாக வளர்ந்து நிற்கிறது. அங்கே தீக்குழி இல்லை.

அந்தத் தந்தைக்கு என்ன விடை சொன்னேன் என்கிறீர்களா? "ஐயா, உங்கள் மகள் பள்ளியில் வகுப்பு எத்தனை?" என்றேன். "ஐந்து." "ஆசிரியர்?" "இரண்டு." மேடை விளக்கை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மீதி மூன்று ஆசிரியரைக் கேட்டு அங்கேயே ஒரு மனு எழுதினோம், அவர் கையெழுத்தை அவர் மகள்தான் பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டிக் கொடுத்தாள். உங்கள் கிளையின் எல்லைக்குள் தொடக்கப் பள்ளி எத்தனை, ஒவ்வொன்றிலும் ஆசிரியர் எத்தனை? வரும் ஞாயிறுக்குள் நேரில் போய் எண்ணி எழுதுங்கள், தோழர்களே!