முதல் டிரோன் வாங்கப் போறீங்களா? டிரோனைக் கடைசியில் வாங்குங்க!

கல்யாண மண்டப வாசலில் நுழையும் கேமரா, கூட்டத்துக்கு நடுவில் வளைந்து, மணமேடையை ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னல் வழியாக வெளியே பாய்ந்து வானத்துக்கு ஏறிவிடும். ரீல்ஸில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதை எடுப்பது எஃப்.பி.வி டிரோன். ‘ஃபர்ஸ்ட் பர்சன் வியூ’ என்பதன் சுருக்கம் இது. டிரோனில் இருக்கும் குட்டி கேமரா பார்ப்பதை, கண்ணில் மாட்டிய காகிள்ஸில் அப்படியே பார்த்துக்கொண்டு ஓட்டுவார்கள்.

இதைப் பார்த்த பிள்ளைகள் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, “எந்த டிரோன் வாங்கலாம்?” என்பதுதான். அந்தக் கேள்விக்குக் கடைசியில் பதில் தேடுவது நல்லது. காரணம் இருக்கிறது.

சாதாரண கேமரா டிரோனில் நீங்கள் கையை எடுத்துவிட்டால், ஜி.பி.எஸ் உதவியோடு அது அந்தரத்திலேயே நிற்கும். எஃப்.பி.வி டிரோனை ‘அக்ரோ’ முறையில் ஓட்டும்போது அப்படி நிற்காது. சாய்த்தால் சாய்ந்தபடியே போகும். நிமிர்த்துவதும் உங்கள் விரல்தான். அந்தப் பழக்கம் வராமல் பறக்கவிட்டால், முதல் நாளே வேப்பமரத்தில் மோதும்.

வெம்பாக்கம், ஆரணி வட்டாரத்தில் ஒரு பட்டுப்புடவையை நெய்து முடிக்க நாள்கணக்கில் தறியில் உட்கார வேண்டும். அந்தக் கூலியிலிருந்து பிள்ளைக்காக எடுத்துக்கொடுக்கும் பணம் ஒரே நிமிடத்தில் நொறுங்கக் கூடாது இல்லையா? அதனால், வாங்கும் வரிசை முக்கியம்.

முதலில் ரிமோட்

எஃப்.பி.வி-யில் ரிமோட்டை ‘ரேடியோ’ என்பார்கள். டிரோன் உடைந்தாலும், மாற்றினாலும், இது கூடவே வரும். அதனால் இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இப்போது பரவலாக இருக்கும் ‘எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ்’ தொழில்நுட்பத்தில் இயங்கும் ரேடியோவாகப் பாருங்கள். ரேடியோமாஸ்டர் பாக்கெட் போன்ற சின்ன மாடல்களே ஆரம்பத்துக்குப் போதும். பின்னால் வாங்கும் டிரோனிலும் இதே தொழில்நுட்ப ரிசீவர் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் இரண்டும் பேசிக்கொள்ளாது.

இரண்டாவது சிமுலேட்டர்

ரேடியோவை யு.எஸ்.பி கேபிளில் கம்ப்யூட்டருடன் இணைத்து, லிஃப்ட்ஆஃப், வெலோசிட்ரோன் போன்ற சிமுலேட்டர்களில் ஓட்டிப் பழகலாம். நூறு முறை விழுந்தாலும் ஒரு பைசா செலவில்லை. தினமும் அரை மணி நேரம், ஒரு மாதம் ஓட்டுங்கள். வட்டமடிக்க, எட்டுப் போட, நினைத்த இடத்தில் இறக்க வந்துவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஒரே வாரத்தில் ஆர்வம் போய்விட்டாலும் நஷ்டம் ரேடியோவோடு நின்றுவிடும். பெற்றோருக்கும் இது நல்ல சோதனை!

மூன்றாவதுதான் டிரோன்

தேட வேண்டிய பெயர், ‘டைனி வூப்’. உள்ளங்கையில் அடங்கும். விசிறிகளைச் சுற்றி பிளாஸ்டிக் வளையம் இருப்பதால், சுவரில் மோதினாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 65 அல்லது 75 மில்லிமீட்டர் அளவு போதும். எடை 50 கிராமுக்குள்தான் இருக்கும். வீட்டுக்குள்ளேயே பழகலாம். கிடுகிடுவென்று பாயும் 5 இன்ச் டிரோனைத் தொடக்கத்திலேயே வாங்காதீர்கள். அதன் விசிறி விரலைப் பதம் பார்த்துவிடும்.

காகிள்ஸில் அனலாக், டிஜிட்டல் என்று இரண்டு வகை. அனலாக்கில் படம் பழைய டி.வி போல லேசாக இரையும். ஆனால், விலை குறைவு. டிஜிட்டலில் படம் பளிச்சென்று இருக்கும். விலையும் பளிச்! ஒன்றுக்கு வாங்கிய காகிள்ஸ் மற்றதற்கு ஒத்துவராது என்பதால், டிரோனையும் காகிள்ஸையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். பழகுவதற்கு அனலாக் தாராளம்.

பேட்டரியில் கவனம்

குட்டி டிரோன் ஒரு சார்ஜில் மூன்று, நான்கு நிமிடம்தான் பறக்கும். அதனால் நான்கைந்து பேட்டரிகளாவது வேண்டும். இவை லித்தியம் பாலிமர் வகை. ஒரு செல்லின் மின்னழுத்தம் 3.5 வோல்ட்டை நெருங்கும்போதே இறக்கிவிடுங்கள். பல நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் வைத்திருங்கள்.

வீங்கிய பேட்டரியை சார்ஜ் போடவே கூடாது. தீப்பிடிக்கும். ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவதும் வேண்டாம். தறி இருக்கும் வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை: மரத்தறியும் பட்டு நூலும் இருக்கும் அறையில் சார்ஜர் இருக்கவே கூடாது. வெளித் திண்ணையில், மணல் பரப்பிய மண்சட்டியில் வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 டிரோன் விதிகளின்படி, பேட்டரியோடு சேர்த்து 250 கிராம் வரை உள்ளவை ‘நானோ’ டிரோன்கள். இவற்றை ஓட்ட பைலட் உரிமம் தேவையில்லை. உரிமம் வேண்டாம் என்பதால் எங்கு வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்று அர்த்தமில்லை. மத்திய அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தில் உங்கள் ஊர் பச்சை மண்டலமா, மஞ்சளா, சிவப்பா என்று பார்த்துவிடுங்கள். பதிவு நடைமுறைகளையும் அப்போதே படித்துக்கொள்ளுங்கள். அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானதளம் இருப்பதால், வட மாவட்டக்காரர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

வெளிநாட்டுத் தளங்களில் மலிவாகத் தெரிகிறதே என்று முழு டிரோனை ஆர்டர் செய்யாதீர்கள். 2022 பிப்ரவரி 9 முதல் முழு டிரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. உதிரிபாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. உள்ளூர் விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். விசிறி, மோட்டார், ஃபிரேம் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிரோன்களுக்கு ஜி.எஸ்.டி 5 சதவிகிதம்தான். பழைய வரியில் விலை சொன்னால் கேள்வி கேளுங்கள்.

எங்கே ஓட்டலாம்?

அறுவடை முடிந்த வயல், வற்றிய ஏரி, விடுமுறை நாளில் பள்ளி மைதானம். மின்கம்பி இல்லாத பக்கமாகப் பாருங்கள். காலையில் தெருவில் பாவு விரித்திருக்கும் நேரத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள். சுழலும் விசிறியில் சில இழைகள் சிக்கினாலும் அடுத்தவர் உழைப்பு வீண். வீடுகளின் பின்கட்டு, மொட்டைமாடிக்கு மேலும் வேண்டாம். கேமரா பொருத்திய ஒன்று தலைக்கு மேல் பறந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? காகிள்ஸ் மாட்டினால் சுற்றிலும் எதுவும் தெரியாது. அதனால் டிரோனைக் கண்ணால் பார்த்துச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

விளையாட்டு மட்டும்தானா?

2016-ல் துபாயில் நடந்த உலக டிரோன் பந்தயத்தில் 2,50,000 டாலர் பரிசை வென்ற பிரிட்டிஷ் அணியின் பைலட் லூக் பேனிஸ்டருக்கு அப்போது வயது 15. நம் ஊரில், சென்னை எம்.ஐ.டி-யின் ‘தக்‌ஷா’ மாணவர் குழு 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. நடிகர் அஜித் ஆலோசகராக இருந்த அதே குழுதான். தொலைதூர நோயாளியின் ரத்த மாதிரியை ஆளில்லா விமானம் எடுத்துவர வேண்டும் என்பதுதான் அந்தப் போட்டியின் சவால்.

எல்லாப் பிள்ளைகளும் அங்கே போய்விடுவார்கள் என்று சொல்லவில்லை. ஆனால், உடைந்த மோட்டாரை சால்டரிங் செய்து மாற்றத் தெரிந்த பிள்ளைக்கு, கையில் ஒரு தொழில் வந்துவிட்டது என்று சொல்லலாம். அதனால் சால்டரிங் அயர்ன் ஒன்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதம் ரேடியோ மட்டும் வாங்குங்கள். அடுத்த மாதமும் பிள்ளை சிமுலேட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால், டிரோனுக்குப் பணம் எடுத்து வையுங்கள்.