வலி இல்லைன்னாலும் ஒரு எக்ஸ்ரே

"இடுப்பு மூட்டு மாத்தி 12 வருஷம் ஆச்சு சார். வலியே இல்ல, எதுக்கு எக்ஸ்ரே?" நான் எலும்பு சர்ஜன் இல்ல, எம்பிபிஎஸ். ஆனா ஓபியில இந்தக் கேள்வி முதல்ல வர்றது எங்ககிட்டதான்.

வலியே இல்லாம எலும்பு கரையும், அதான் சிக்கல். செயற்கைக் கிண்ணத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தேய்ந்து நுண்துகள்கள் உதிரும். அதை விழுங்க வரும் நம்ம உடம்புச் செல்களே பக்கத்து எலும்பை அரிக்கத் தூண்டிவிடும். (இப்போ வர்ற பிளாஸ்டிக் குறைவாத்தான் தேயும். பழசு வச்சவங்கதான் கவனிக்கணும்.) நொண்ட ஆரம்பிச்சு வரும்போது, புதுக் கிண்ணத்தைப் பிடிச்சு நிறுத்தவே சிலருக்கு எலும்பு இருக்காது.

அப்புறம் எலும்பு ஒட்டுதான். வேறொருத்தரின் மூட்டு ஆபரேஷனில் வெட்டி எடுத்த தொடை எலும்புப் பந்தைப் பரிசோதிச்சு, மைனஸ் 80 டிகிரியில் வச்சிருந்து, துண்டு துண்டாக்கி, குழியில் தட்டித் தட்டி இறுக்கணும். நெதர்லாந்தின் நைமேகன் மருத்துவர்கள் 1984-லேயே எழுதின முறை. நல்ல முறைதான். ஆனா முதல் ஆபரேஷனைவிடப் பெருசு, பல வாரம் முழு எடை ஊன்ற முடியாது. எலும்பு வங்கியும் எல்லா ஊர்லயும் இல்ல.

நோயாளியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். டிஸ்சார்ஜ் அன்னிக்கு "தரையில உக்காராதீங்க"ன்னு சொல்ற நாங்க, வலி இல்லைன்னாலும் படம் எடுக்க வரணும்னு சீட்டுல எழுதுறதில்ல. எழுதணும்.

உங்க வீட்ல மூட்டு மாத்தினவங்ககிட்ட கடைசி எக்ஸ்ரே எப்போன்னு கேளுங்க. பழைய படத்தைத் தூக்கிப் போடாதீங்க, பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் வித்தியாசம் தெரியும்.